பீரோ மேலே தூங்கும் லேப்டாப்

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போகிற ரோட்டில் இருக்கிறது வேங்கிக்கால். மாவட்ட கலெக்டர் ஆபீஸ் இங்கேதான். திங்கட்கிழமை என்றால் குறைதீர்க்கும் நாள். கையில் மனுவோடு ஜனங்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள்.

அங்கே ஒரு வீட்டில் அம்மாவும் ஒரு மனு கொடுக்க வேண்டியிருந்தது. பட்டா பெயர் மாற்றம். "வெளியில காசு கொடுத்து எதுக்கும்மா டைப் அடிக்கணும்? நம்மகிட்டயே லேப்டாப் இருக்கே" என்றாள் மகள். அவள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப், பீரோ மேலிருந்து கீழே இறங்கியது.

2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டம் நினைவிருக்கிறதா? அதில் வந்த லேப்டாப்களில் விண்டோஸுடன் 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது அது. பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்டை 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. லேப்டாப்பும் மெதுவாகி, பீரோ மேல் போய்விட்டது.

தம்பி பழைய போட்டோக்களை எல்லாம் பென் டிரைவில் காப்பி எடுத்துவிட்டு, 'லினக்ஸ் மின்ட்'டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டான். 2 ஜிபி ராம் இருந்தாலே ஓடக்கூடியது. லேப்டாப் சுறுசுறுப்பாகிவிட்டது. மனு அடிக்க லிப்ரே ஆபீஸும் கூடவே வந்திருந்தது. தமிழ் டைப்பிங் மட்டும் இல்லை.

பிரச்னை அங்கேதான் ஆரம்பித்தது. கூகுளில் தேடி, கண்ணில் பட்ட சைட்டிலிருந்து ஒரு 'இஎக்ஸ்இ' ஃபைலை இறக்கினான். கிளிக் செய்தான். திறக்கவில்லை. "அக்கா, இது வேலைக்கு ஆகாது. விண்டோஸே திரும்பப் போட்டுடலாம்."

"டேய், இரு. உன் போன்ல ஆப் வேணும்னா எங்கே போவே?"

"பிளே ஸ்டோர்."

"இதுலயும் அப்படித்தான்."

புதிதாக லினக்ஸுக்கு வருகிற எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. 'இஎக்ஸ்இ' என்பது விண்டோஸுக்கானது. லினக்ஸில் சாஃப்ட்வேரைத் தேடி ஊரெல்லாம் அலைய வேண்டாம். பெரும்பாலானவை ஒரே களஞ்சியத்தில் இருக்கும். போனில் ஆண்ட்ராய்டு மார்க்கெட் வந்தது 2008-ல். ஆனால் 1999-ல் வெளியான டெபியன் லினக்ஸிலேயே களஞ்சியத்திலிருந்து சாஃப்ட்வேரை எடுத்துத் தரும் 'ஆப்ட்' வசதி இருந்தது. பாஸ், மின்ட் இரண்டுமே டெபியன் வழி வந்தவைதான். களஞ்சியத்திலிருந்து வருவதற்கு டிஜிட்டல் கையெழுத்து உண்டு. நடுவில் யாராவது மாற்றியிருந்தால் கம்ப்யூட்டரே கண்டுபிடித்துவிடும். கண்ட சைட்டில் இறக்கும் ஃபைலுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

அக்கா செய்தது இதுதான்:

• முதலில் நெட் இணைப்பைக் கொடுத்து, அப்டேட் மேனேஜரைத் திறந்து 'ரெஃப்ரெஷ்' கொடுத்தாள். களஞ்சியத்தின் புதுப் பட்டியல் வந்தது.

• மெனுவில் 'சினாப்டிக்' திறந்து பாஸ்வேர்டு கொடுத்தாள். தேடும் இடத்தில் ஐ, பி, யு, எஸ், ஒரு சின்னக் கோடு, எம், 1, 7, என் என்று ஆங்கிலத்தில் அடித்தாள்.

• வந்த பெயரை இன்ஸ்டாலுக்குக் குறித்து 'அப்ளை' கொடுத்தாள். கூடவே வேறு சில பெயர்களையும் அது கேட்டது. அவை துணைப் பொருட்கள். சம்மதிக்கலாம்.

• 'இன்புட் மெத்தட்' பகுதியில் 'ஐபஸ்'ஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை லாக் அவுட் செய்து உள்ளே வந்தாள். ஐபஸ் செட்டிங்கில் தமிழ் 99-ஐச் சேர்த்தாள்.

முதல் முறை 'அப்ளை' கொடுத்தபோது, வேறொன்று ஓடுவதாக எரர் வந்தது. பயப்பட ஒன்றுமில்லை. பின்னால் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தால் அப்படி வரும். நடுவில் ஆஃப் செய்யாமல் கொஞ்ச நேரம் பொறுத்தால் போதும்.

இன்னும் இரண்டு விஷயம். ஒரே சாஃப்ட்வேர் 'சிஸ்டம் பேக்கேஜ்', 'ஃபிளாட்பேக்' என இரண்டு விதமாகக் கிடைத்தால், பழைய லேப்டாப்புக்கு முதலாவதே நல்லது. இரண்டாவது இடத்தை அதிகம் அடைக்கும். அடுத்து, 'சூடோ' என்று தொடங்கும் கமாண்டை எங்கிருந்தாவது காப்பி எடுத்து ஒட்டாதீர்கள். அது வீட்டுச் சாவியையே கொடுப்பது மாதிரி.

ஞாயிறு ராத்திரி மனு தயார். பிடிஎஃப் ஆக்கி, கடையில் ஒரு பிரின்ட். அம்மா படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். "அடுத்த மனுவை நானே அடிக்கிறேன். எனக்கும் சொல்லிக் குடு" என்றார்.

உங்கள் வீட்டு பீரோ மேலும் ஒன்று இருக்கலாம். இறக்கிப் பாருங்கள். ஆனால் எதை மாற்றுவதற்கு முன்பும், உள்ளே இருக்கும் போட்டோக்களைக் காப்பி எடுத்துவிடுங்கள்!