பாட்டனி படிச்சா டீச்சர் வேலை மட்டும்தானா? தாவரவியல் டிகிரி திறக்கும் கதவுகளும் திறக்காத கதவுகளும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்து, நீட் மதிப்பெண்ணும் கைகொடுக்கலைன்னா, உயிரியல் குரூப் மாணவர்களில் பலர் அடுத்து விண்ணப்பிப்பது கலை, அறிவியல் கல்லூரிகளுக்குத்தான். அங்கே பி.எஸ்சி தாவரவியலில் இடம் கிடைத்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?"

சுருக்கமான பதில் இதுதான்: வேலைகள் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலான வேலைகளுக்கு மூன்று வருட டிகிரி மட்டும் போதாது, கூடவே இன்னொரு தகுதியும் வேண்டும். அது என்ன என்பதை டிகிரி முடித்த பிறகு தேடத் தொடங்கினால் ஒன்றிரண்டு வருடம் வீணாகிவிடும். எந்த வேலைக்கு என்ன தகுதி வேண்டும்? பார்க்கலாம்.

ஆசிரியர் வேலைக்கு என்ன வேண்டும்?

அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக, பி.எஸ்சியுடன் 2 வருட பி.எட் வேண்டும். ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் இரண்டாம் தாளிலும் தேர்ச்சி பெற வேண்டும். பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்பு எடுக்கும் முதுகலை ஆசிரியர் பணி என்றால் எம்.எஸ்சியும் பி.எட்டும் அவசியம். இதற்கான போட்டித் தேர்வை ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்துகிறது. மேல்நிலை வகுப்பில் உயிரி-தாவரவியல், உயிரி-விலங்கியல் எனப் பாடப்புத்தகமே தனித்தனியாக இருப்பதால், தாவரவியலுக்குத் தனி ஆசிரியர் தேவைப்படுகிறார்.

நீட் பயிற்சி மையங்களிலும் தாவரவியல் ஆசிரியர்களுக்குத் தேவை இருக்கிறது. காரணம் எளிது: நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்குத்தான்.

கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆகணும்னா நெட் அல்லது செட் தேர்ச்சி வேண்டும். பிஎச்.டி கட்டாயமில்லை என்று யுஜிசி 2023 ஜூலையில் அறிவித்துவிட்டது. ஆனால் ஒரு விஷயம். சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் 'தாவரவியல்' என்று தனித்தாள் கிடையாது. 'உயிர் அறிவியல்' என்ற பொதுத்தாள்தான். உயிர்வேதியியல், மரபியல், சூழலியல், விலங்கியல் எல்லாமே அதில் வரும். இதில் ஜேஆர்எஃப் கிடைத்தால், பிஎச்.டி சேர்ந்த முதல் 2 வருடம் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு.

டிகிரியின் பெயரில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. சில கல்லூரிகளில் இந்தப் படிப்பின் பெயர் 'தாவர உயிரியல் மற்றும் தாவர உயிரித் தொழில்நுட்பம்'. பாடம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, அந்தப் பட்டம் தாவரவியலுக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்பதைப் பார்ப்பார்கள். சேருவதற்கு முன்பே கல்லூரியில் இதைக் கேட்டுவிடுவது நல்லது.

வனத்துறையில் சேரலாமா?

தாராளமாக. யுபிஎஸ்சி நடத்தும் இந்திய வனப்பணித் தேர்வுக்கு எல்லா டிகிரியும் செல்லாது. அதற்கான தகுதிப் பாடங்களின் பட்டியலில் தாவரவியலும் ஒன்று. முதல்நிலைத் தேர்வு, ஐஏஎஸ் தேர்வுக்கு எழுதும் அதே தேர்வுதான். மெயின் தேர்வில் இரண்டு விருப்பப் பாடங்கள் உண்டு, அதில் ஒன்றாகத் தாவரவியலையே எடுக்கலாம். உடல் தகுதியும் பார்ப்பார்கள். 4 மணி நேரத்தில் ஆண்கள் 25 கி.மீ, பெண்கள் 14 கி.மீ நடக்க வேண்டும்.

மாநில அளவில் உதவி வனப் பாதுகாவலர், வனத்தொழில் பழகுநர் பணிகளுக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு நடத்துகிறது. அறிவிப்பு வரும்போது, வனவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை தரப்பட்டிருக்கிறதா என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

எந்தக் கதவு திறக்காது?

"செடி கொடி படிப்புதானே, வேளாண் அதிகாரி ஆகிடலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். ஆக முடியாது. வேளாண்மை அலுவலர் பணிக்கு பி.எஸ்சி வேளாண்மைதான் தகுதி. உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணியும் இப்படித்தான். 2011 விதிகளில் உள்ள தகுதிப் பட்டியலில் பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி எல்லாம் இருக்கின்றன. தாவரவியல் இல்லை. அந்த வேலைதான் லட்சியம் என்றால், படிப்பைத் தேர்வு செய்யும்போதே முடிவெடுக்க வேண்டும்.

தனியார் துறையில் என்ன நிலவரம்?

உடனடி வேலை தேடும் பலர் மெடிக்கல் கோடிங் பக்கம் போகிறார்கள். உயிர் அறிவியல் டிகிரி என்பதால் அதற்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் படித்த தாவரவியல் அங்கே பெரிதாகப் பயன்படாது. திசு வளர்ப்புக் கூடங்கள், நர்சரிகள், விதை நிறுவனங்கள், மூலிகை மருந்து நிறுவனங்களில் படிப்புக்கு நேரடித் தொடர்புள்ள வேலைகள் உண்டு.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு திறமை, செடியைப் பார்த்துச் சரியாகப் பெயர் சொல்வது. சித்த, ஆயுர்வேத மருந்துகளில் பயன்படும் அசோகப் பட்டைக்குப் பதிலாக நெட்டிலிங்கப் பட்டை கலப்பது நீண்டகாலப் பிரச்சினை. தெருவோரம் உயரமாக நிற்கும் நெட்டிலிங்கத்தையே பலர் 'அசோக மரம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பட்டையை நுண்ணோக்கியில் பார்த்து 'இது வேற மரம்' என்று சொல்ல, தாவரவியல் தெரிந்த ஆள் வேண்டும்.

சட்டமும் இந்தத் திறமையைக் கேட்கிறது. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் வரும் பெரிய திட்டங்களுக்கு ஆய்வறிக்கை தயாரிக்கும் நிறுவனங்களில், சூழலியல் மற்றும் பல்லுயிர் நிபுணர் என்று தனிப் பிரிவே உண்டு. அந்த இடத்தில் என்னென்ன செடி, மரம் இருக்கிறது என்ற பட்டியலை அவர்தான் தர வேண்டும். பட்டியலில் ஒரு அரிய செடி விடுபட்டால், அங்கே அப்படி ஒன்று இருந்ததே அரசுக்குத் தெரியாமல் போகலாம். 2002 பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சி அமைப்புகள் தயாரிக்கும் மக்கள் பல்லுயிர் பதிவேட்டுக்கும் இதே அறிவுதான் தேவை.

இதை எங்கே கற்கலாம்?

தமிழ்நாட்டிலேயே வசதி இருக்கிறது. 1890-இல் தொடங்கப்பட்ட இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் கோவையில் இயங்குகிறது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினட் ஹெர்பேரியம் என்ற உலர் தாவரத் தொகுப்பு இருக்கிறது. சென்னை ராணி மேரி, மாநிலக் கல்லூரிகளில் படித்த ஜானகி அம்மாள், பின்னாளில் கோவை கரும்பு இனப்பெருக்கு நிலையத்தில் பணியாற்றி, உலகம் அறிந்த தாவரவியலாளர் ஆனார். 1977-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

எப்போது என்ன செய்ய வேண்டும்?

• சேரும் முன்: டிகிரியின் பெயர், இணைத்தன்மை அரசாணை இரண்டையும் சரிபாருங்கள்.

• முதல் ஆண்டு: களப்பயணத்தைச் சுற்றுலாவாக நினைக்காமல், ஊரைச் சுற்றியுள்ள செடிகளை அடையாளம் காணப் பழகுங்கள்.

• இரண்டாம் ஆண்டு: பி.எட், எம்.எஸ்சி, வனப்பணி, தனியார் வேலை இவற்றில் எது உங்கள் வழி என்று முடிவெடுங்கள்.

• மூன்றாம் ஆண்டு: அந்த வழிக்கான நுழைவுத் தேர்வு, விண்ணப்பத் தேதிகளைத் தவறவிடாதீர்கள்.

எந்த டிகிரி படித்தவர்களும் எழுதக்கூடிய குரூப் 1, குரூப் 2 தேர்வுகள் தாவரவியல் மாணவர்களுக்கும் உண்டு. ஆனால் அங்கே போட்டி எல்லாத் துறையினரோடும். தாவரவியல் தெரிந்தவர்களுக்கு மட்டுமேயான வேலை வேண்டும் என்றால், செடியின் பெயர் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.