‘எனக்கெல்லாம் ஏறாது மச்சி!’

இப்படிப் பெருமை பேசும் நண்பன் உங்களுக்கும் இருப்பான். அது கெத்து இல்லைங்க. அவன் கல்லீரல் செல்கள் பார்க்கும் ஓவர்டைம்.

ப்ளஸ் ஒன்னில் படம் வரைந்து பாகம் குறித்த எண்டோபிளாச வலைப்பின்னல் நினைவிருக்கா? ரைபோசோம் ஒட்டிய சொரசொரப்பு வலை புரதம் செய்யும். வழவழப்பு வலை கொழுப்பு செய்யும்; கல்லீரலில் நஞ்சையும் முறிக்கும். தொடர்ந்து குடித்தால் இந்த வழவழப்பு வலை பெருகும். போதை சீக்கிரம் இறங்கும், அளவு கூடும். அதே வலையின் நொதி, பாராசிட்டமாலில் ஒரு பங்கை நஞ்சாகவும் மாற்றும்.

‘லிவர் பாத்துக்கும்’னு நம்பாதீங்க. எங்க பிரம்மதேசம் பக்கத்தில், மரக்காணம் எக்கியார்குப்பத்தில், 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 10-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். மெத்தனாலை ஃபார்மிக் அமிலமாக்கியதே கல்லீரல்தான்.

அடுத்த முறை நண்பன் ‘ஏறலை’ன்னா கைதட்டாதீங்க. நிறுத்தச் சொல்லுங்க.