காட்டுக்குள்ள கல் இருக்கு, கல் வெட்டினவன் எங்கே?

மனிதக் கால் படாத காடு! வனத்துறையும் சுற்றுலா வியாபாரியும் ஓயாமல் ஓதும் மந்திரம் இது. மத்தியப் பிரதேசத்துப் பாந்தவ்கர் புலிகள் காப்பகத்தைப் பற்றியும் இதே பேச்சுதான். 1938க்குப் பிறகு 84 ஆண்டு கழித்து, 2022இல் தொல்லியல் துறை அந்தக் காட்டுக்குள் போய்ப் பார்த்தது. சுமார் 170 சதுர கிலோமீட்டருக்குள் 26 குகைகள் (பெரும்பாலும் பௌத்தம் சார்ந்தவை), 26 கோயில்கள், 2 மடங்கள், 24 பிராமிக் கல்வெட்டுகள், 19 நீர்நிலைகள். ஜான்பூர் சுல்தான்களின் காசும் மொகலாயர் காசும்கூடக் கிடைத்தன. கல்வெட்டில் கௌசாம்பி வருது, மதுரா வருது. இதுவா கால் படாத காடு?

பௌத்தக் குகை என்றதும் நம் தோழர்களுக்குச் சந்தோஷம். எனக்கும்தான். ஆனால் அதே காட்டில் வராகச் சிலையும் பெரிசாக நிக்குது. எந்தக் கல் எந்த மதத்துக்கு என்ற சண்டையில் நாம் சிக்கிக்கொண்டால் ஆதிக்கசாதிகளுக்குத்தான் வசதி. பீமசேனன், போதசிரி, பட்டதேவன் என்று ராசா பேரெல்லாம் கல்லில் இருக்கு. பாறை குடைந்தவன், குளத்து மண் சுமந்தவள் பேரைத் தேடிப் பாருங்கள்.

பிறகு அது ரீவா மகாராஜாக்களின் வேட்டைக்காடு. ஒரு மகாராஜா மட்டும் 1914க்குள் 111 புலிகளைச் சுட்டதாகப் பதிவு. அவர் ஆக்கிரமிப்பாளர் இல்லையாம்! கோட்டைக்குள் இருக்கும் கபீர் குகைக்குக் கபீர்பந்திகள் ஆண்டுக்கொருமுறைதான் போகலாம். காப்பகத்துக்குள்ளிருந்த ஊர்கள் பலவற்றை வெளியே தூக்கி வைத்தாயிற்று.

2006 வன உரிமைச் சட்டம் இருக்கே என்பீர்கள். அதில் பழங்குடி அல்லாதவர், அதாவது காட்டில் வாழும் தலித்தும், 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, 75 ஆண்டு, அங்கேயே இருந்ததை நிரூபிக்கணும். பட்டாவே பார்த்திராத சனம் எந்தக் காகிதத்தைக் காட்டும்?

இங்கேதான் நமக்கு வேலை இருக்கு. அந்தச் சட்டத்தின் 13ஆவது விதி கிணறு, இடுகாடு, சாமி கும்பிடும் இடம், ஊர்ப் பெரியவர் வாக்குமூலம் எல்லாவற்றையும் சான்றாக ஏற்கிறது. காகிதம் மட்டும்தான் வேணும் என்று எந்த அதிகாரி சொன்னாலும் விதியை எடுத்து நீட்டுங்கள். தொல்லியல் துறை கோயிலையும் குகையையும் எண்ணினது போதாது. காலிசெய்யப்பட்ட ஊர், இடுகாடு, பழங்கிணறு இவற்றையும் அதே வரைபடத்தில் குறிக்கட்டும், அதன் நகலைக் கிராமசபையிடம் கொடுக்கட்டும். காடு இருக்கும் மாவட்டம் எல்லாவற்றிலும் இதைக் கேட்டு மனுப் போடுவோம்.