புரோகிதர் போனார், போட்டோக்காரர் வந்தார்

சென்ற மாதம் ஒரு சிற்றூரில் நடந்த திருமணத்திற்கு நாம் போயிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மாலை 4.30 மணிக்கு, அதாவது பஞ்சாங்கக்காரர்கள் ராகுகாலம் என்று நடுங்குகின்ற அதே நேரத்தில், வீட்டு வாசலில் ஒரு சாதாரணப் பந்தலின் கீழ் அது நடந்தது. ஓமம் இல்லை, மந்திரம் இல்லை, தட்சணை இல்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தவர்களுக்குத் தாங்களே டீ கொண்டுவந்து கொடுத்து, நின்று பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தலைகுனிந்து நிற்க வேண்டும் என்று பெண்ணுக்கு யாரும் உத்தரவு போடவில்லை. பார்க்கச் சந்தோஷமாகவே இருந்தது.

பெண்ணுக்குத் தகப்பனார் இல்லை. தாயார் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்து மகளைப் படிக்க வைத்தவர். மாலைகளை அந்த அம்மையார் கையால்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது மணமக்கள் செய்திருந்த ஏற்பாடு. அம்மையார் தட்டை எடுத்துக்கொண்டு மேடை ஏறினார். உடனே போட்டோக்காரர், “அம்மா, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்குங்க. சுமங்கலி யாராச்சும் ஒருத்தர் வாங்க” என்றார்.

அந்த அம்மையார் ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். கணவர் இறந்த நாள் முதல் இப்படி இறங்கிப் போயே பழகியவர் அவர். நாமும், தலைமை வகித்தவரும், பந்தலில் இருந்த பகுத்தறிவுக்காரர் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தோம். படம் கெட்டுவிடுமே என்று இருந்தோமோ என்னவோ! இதே வார்த்தையை ஒரு புரோகிதர் சொல்லியிருந்தால் பந்தல் சும்மா இருந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

மேலே நடந்ததையும் சொல்லிவிடுகிறோம். மணமக்கள் மாலை மாற்றிக்கொண்டார்கள். “சரியா விழல, இன்னொரு தரம் போடுங்க” என்றார் போட்டோக்காரர். கழற்றி மறுபடியும் போட்டார்கள். உறுதிமொழி வாசிக்கும்போது அவரும் அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் மணமக்களுக்கும் ஜனங்களுக்கும் நடுவே சுவர் மாதிரி நின்றுவிட்டார்கள். முன்வரிசையில் இருந்த எமக்கே அவர்கள் முதுகுதான் தெரிந்தது. தலைக்கு மேலே டிரோன் ஒன்று வண்டு போல் இரைந்துகொண்டிருந்ததால், பெண் என்ன வாசித்தாள் என்பது காதிலும் விழவில்லை.

இதை அற்ப விஷயம் என்று சில தோழர்கள் நினைக்கலாம். நமது திருமணத்துக்கு எது உயிர் என்று பார்த்தால் அப்படித் தோன்றாது. இவ்வித மணங்கள் சட்டப்படி செல்லாது என்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. அதற்குப் பிறகும் மனைவியைச் சட்டம் மனைவி என்று ஒப்புக்கொள்ளாது என்று தெரிந்தே எத்தனையோ பேர் துணிந்து மணந்துகொண்டார்கள். பிறகு 1967இல் அண்ணா முதலமைச்சராயிருந்தபோது சட்டம் திருத்தப்பட்டு, 1968இல் அமுலுக்கு வந்து, முன்பு நடந்த மணங்களும் செல்லும் என்றாயிற்று. அந்தச் சட்டம் கேட்பது என்ன? உற்றார், நண்பர், அல்லது வேறு யாராவது இருக்க, ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்கிறோம் என்று இருவருக்கும் புரிகின்ற பாஷையில் சொல்ல வேண்டும். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ள வேண்டும். அல்லது தாலி கட்டிக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

ஆகவே, அக்கினி சாட்சி இல்லாத இந்த மணத்தில் பந்தலில் உட்கார்ந்திருக்கின்ற மனிதர்கள்தான் சாட்சி. அந்தச் சாட்சியின் கண்ணையும் காதையும் மறைத்துவிட்டுக் கல்யாணம் நடத்துவதென்றால், புகைக்கு நடுவே விளங்காத மந்திரம் ஓதியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பாஷையிலும் வித்தியாசம் அதிகமில்லை. “ஸ்மைல்”, “சின் டவுன்”, “ஹோல்ட்” என்று அவர் சொல்லச் சொல்ல, அர்த்தம் தெரிந்தவரும் தெரியாதவரும் அப்படியே ஆடுகிறார்கள். புரோகிதராவது ஒரு கல்யாணத்தை ஒரு தடவைதான் செய்துவைப்பார்!

பட்டணத்து மண்டபங்களில் இது இன்னும் முற்றிப்போயிருக்கின்றது. மேடை தெரியாதென்று பக்கத்தில் பெரிய திரை கட்டி, பஸ் ஏறி வந்த உறவினர்களை அதில் கல்யாணம் பார்க்க வைக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்பே கடற்கரையிலும் மலையிலும் எடுக்கும் படங்களுக்கு ஒரு செலவு, ஆல்பத்துக்கு ஒரு செலவு. தட்சணை மிச்சம் என்று பெருமை பேசுகிறவர்கள் இதற்கு வட்டிக்குக் கடன் வாங்குவதையும் நாம் கண்டிருக்கிறோம்.

“அப்படியானால் போட்டோவே கூடாது என்கிறீர்களா?” என்று கேட்பார்கள். நாம் அப்படிச் சொல்லவில்லை. பழைய இயக்கத்தார் வீடுகளில் சுவரில் தொங்கும் கல்யாணப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். மாலையோடு மணமக்கள், நாற்காலியில் தலைவர், சுற்றிலும் தோழர்கள். எல்லாம் முடிந்த பிறகு வாசலில் நிற்கவைத்து எடுத்த படம் அது. சட்டம் கைவிட்டிருந்த காலத்தில், எங்களுக்குக் கல்யாணம் நடந்தது என்று ஊருக்கும் பிள்ளைகளுக்கும் காட்ட அவர்களிடம் இருந்த சாட்சியத்தில் அதுவும் ஒன்று. இன்று 2009ஆம் வருஷச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்வது கட்டாயமாகிவிட்டதால் அந்த வேலையைப் பதிவுப் பத்திரம் செய்துவிடுகிறது. என்றாலும் விதவை ஒருத்தி மேடையில் நின்று மாலை எடுத்துக் கொடுப்பதையும், சாதி பார்க்காமல் சேர்ந்தவர்களின் இரண்டு குடும்பமும் ஒரே பந்தியில் உண்பதையும் படமெடுத்து வைத்தால், அதைப் பார்க்கிற நாலு பேருக்குத் துணிவு வரும்.

போட்டோக்காரர் மீது எமக்குக் கோபம் கிடையாது. அவர் ஒரு தொழிலாளி. முகூர்த்த நாளில் மூன்று கல்யாணத்துக்கு ஓடுகிறவர். போகிற இடமெல்லாம் சுமங்கலியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வாய் பழகிவிட்டது. இது வேறு மாதிரிக் கல்யாணம் என்று அவரிடம் முன்கூட்டிச் சொல்லாதது நம் குற்றமே ஒழிய அவர் குற்றமல்ல. அச்சாபீசுக்காரரிடம் அழைப்பிதழில் சாதிப் பெயர் போடாதே என்று சொல்லத் தெரிந்த நமக்கு, இவரிடம் மேடைக்குக் கீழே ஓரமாக நில், தூரத்திலிருந்து எடு, நடந்ததைத் திருப்பி நடத்தச் சொல்லாதே, யாரையும் தள்ளி நிற்கச் சொல்லாதே என்று நாலு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கூட்டப் படத்துக்குக் கடைசியில் கால்மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

போன வாரம் ஆல்பம் வந்ததென்று அந்த வீட்டார் காட்டினார்கள். கெட்டி அட்டை, பளபளப்பான தாள். நாம் முழுவதையும் புரட்டிப் பார்த்தோம். தாயார் ஒரே ஒரு படத்தில் இருக்கிறார், பந்தலின் கடைசியில், பாதி முகம். மாப்பிள்ளையின் தம்பி செல்போனில் எடுத்த படமும் ஒன்று உண்டாம். அம்மையார் தட்டோடு மேடையில் ஏறுகிற நேரத்தில், கீழே இறங்கச் சொல்வதற்கு முன் எடுத்தது. சற்றே கலங்கலாக இருக்கும் அந்தப் படத்தைத்தான் பெண் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள்.