அடுப்படி உழைப்புக்கு யார் கணக்கு எழுதுவது?

பெரும்பாலும், இல்லத்தரசி ஒருவர் விபத்தில் இறந்த பிறகே, அவருடைய உழைப்புக்கு இந்த நாட்டில் ரூபாய்க் கணக்கு போடப்படுகிறது. மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயங்களில் அது நடக்கும் விதம் இது: மாதத்துக்கு இவ்வளவு என்று ஓர் உத்தேச வருமானத்தை வைத்துக்கொள்வார்கள். அவருடைய சொந்தச் செலவுக்கென ஒரு பங்கைக் கழிப்பார்கள். மிஞ்சுவதை வயதுக்கேற்ற எண்ணால் பெருக்குவார்கள். 32 வயதில் இறந்திருந்தால் 16 ஆண்டு வருமானம். 52 வயது என்றால் 11.

1989-ல் ஜாம்ஷெட்பூரில் எஃகு ஆலை விழா ஒன்றில் தீப்பிடித்துப் பெண்களும் குழந்தைகளுமாகப் பலர் மாண்டனர். அந்த வழக்கில் 2001-ல் உச்ச நீதிமன்றம் குடும்பத் தலைவியின் உழைப்புக்கு வைத்த மதிப்பு மாதம் 3,000 ரூபாய். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்கள், கைதிகளோடு சேர்த்து ‘உழைக்காதவர்’ பட்டியலில் வைத்ததை அதே நீதிமன்றம் 2010-ல் கண்டித்தது.

‘அம்மாவின் சமையலுக்கு விலை போட முடியுமா?’ என்று உடனே கேட்பார்கள். இந்தக் கேள்விக்குப் பின்னால் தத்துவஞானி இம்மானுவேல் கான்ட் நிற்பதுபோலத் தோன்றும். விலை உள்ள பொருளுக்குப் பதில் இன்னொன்றை வைத்துவிடலாம். மாற்றே இல்லாததற்கு இருப்பது மாண்பு என்று 1785-ல் எழுதியவர் அவர். ஆனால், கான்ட் மாண்பை மனிதருக்குக் கொடுத்தார், அவர் செய்யும் வேலைக்கு அல்ல. செவிலியருக்குச் சம்பளம் கொடுப்பதால் அவருடைய பரிவு குறைந்துவிட்டதாக யாரும் சொல்வதில்லை. வீட்டுக்குள் மட்டும் பணப் பேச்சு எழுந்தாலே பாசம் கெட்டுவிடும் என்கிறோம். கூலி கேட்காத வரைதான் ‘அம்மாவின் சமையலுக்கு விலையே இல்லை’ என்ற புகழுரை நீடிக்கிறது.

விலை ஒரு கேள்வி என்றால், அந்த வேலையில் அர்த்தம் உண்டா என்பது வேறு கேள்வி. மலைமேல் ஏற்றிய பாறை உருண்டு விழ, அதை முடிவில்லாமல் மறுபடி உருட்டும் தண்டனை பெற்றவர் கிரேக்கப் புராணத்துச் சிசிபஸ். வீட்டுவேலையைப் போல அந்தத் தண்டனையை ஒத்த வேலைகள் மிகக் குறைவு என்றார் பெண்ணியச் சிந்தனையாளர் சிமோன் த பொவ்வார், 1949-ல். செய்த சுவடே மிஞ்சாமல் கரைந்துபோகும் உழைப்பு என ஒரு வகையை 1958-ல் பிரித்துக் காட்டினார் அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட். இதற்கு நம் அடுப்படியே சாட்சி. மதியம் அரிசியும் உளுந்தும் ஊறும். சாயங்காலம் ஆட்டி, உப்புப் போட்டுக் கரைத்து வைத்தால் விடிவதற்குள் மாவு பொங்கியிருக்கும். ஒன்பது மணிக்குள் தோசை தீர்ந்துவிடும்; எச்சில் தட்டுகள் தொட்டியில் கிடக்கும். இரண்டு நாளில் மாவுப் பாத்திரம் காலி. மறுபடியும் ஊறப்போட வேண்டும்.

ஆனாலும், பொவ்வாரோடு இங்கே நான் முழுதாக உடன்படவில்லை. சிசிபஸ் உருட்டிய பாறை யாருடைய பசியையும் ஆற்றவில்லை. இந்த மாவு ஆற்றுகிறது. திரும்பத் திரும்பச் செய்வதாலேயே ஒரு வேலை வெறுமையாகிவிடாது. நாதஸ்வரக்காரர் அதே வரிசைகளைத்தான் விடியற்காலை தோறும் வாசிக்கிறார். ஆனால், அதை அவர் தானே தேர்ந்தெடுத்தார். கேட்பதற்குச் சபை இருக்கிறது, கையில் சன்மானம் வருகிறது. தேர்வும் இல்லாமல், பங்குபோட ஆளும் இல்லாமல், ஏறெடுத்துப் பார்ப்பாரும் இல்லாமல் போகும்போதுதான் வேலை பாறையாகிறது.

பங்குபோட ஆள் இல்லை என்பதற்கு எண்ணிக்கையே இருக்கிறது. 2024-ம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்கு 289 நிமிடம். அதில் ஈடுபடும் ஆண்களுக்கு 88 நிமிடம். 2019-ல் இது 299, 97 என்று இருந்தது. ஐந்தாண்டில் இருவருக்குமே சற்றுக் குறைந்திருக்கிறது. இடைவெளி அப்படியே கிடக்கிறது.

தமிழகம் 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் திட்டத்துக்கு மகளிர் உரிமைத் தொகை என்று பெயர் வைத்தது. உதவி என்று சொல்லாமல் உரிமை என்று சொன்னதை நான் பெரிதாக மதிக்கிறேன். அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஆழமான இடத்தைத் தொட்டது. கணவர் வெளிநாட்டில் சம்பாதிக்க, மனைவி நெய்வேலியில் இருந்து குடும்பத்தை நடத்திய வழக்கு அது. மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் அவருக்கும் சம பங்கு உண்டு என்றார் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி.

உயிரோடு இருக்கும் பெண்ணின் உழைப்புக்கு எழுதப்பட்ட கணக்கு இது. ஆனால், ஒவ்வொரு பெண்ணும் நீதிமன்றம் ஏறி இதை நிரூபிக்க வேண்டும் என்பது கொடுமை. கோவாவில் திருமணத்தின்போது வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாத தம்பதியருக்குச் சொத்து பொதுவானது. போர்ச்சுகீசியர் காலச் சிவில் சட்டத்திலிருந்து வந்த ஏற்பாடு அது. தமிழகம் 1989-லேயே, மத்திய சட்டத் திருத்தத்துக்கு 16 ஆண்டுகள் முன்பாக, இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தந்த மாநிலம். மணவாழ்வில் சேர்ந்த சொத்தில் மனைவிக்குச் சம பங்கு என்ற மசோதாவையும் நம் சட்டமன்றம் இப்போது எடுத்துக்கொள்ள வேண்டும்.