பலகை விமானம்

சென்ற இதழில் பழைய கார்கள், பழைய ஏரோப்ளேன்கள் பற்றிய போட்டோக்களை வைத்து நண்பர் எழுதிய கட்டுரைக்கு ஒருவரும் பதில் எழுதவில்லை. நம்மிடையே வழக்கமாக நடப்பதுபோல், நேரில் பார்த்தபோது 'நன்றாக இருந்தது' என்று சொல்லிக் கணக்கைத் தீர்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கும் அவர் நண்பர்தான். திண்டிவனத்தில் பஸ் மாறும்போதெல்லாம் சந்தித்து டீ குடிக்கிறவர்கள் நாங்கள். ஆனாலும் அந்தக் கட்டுரை தவறானது. தவறு ரசனையோடு நின்றிருந்தால் விட்டிருப்பேன். அது மதிப்பீட்டில் இருக்கிறது.

அவர் சொல்வதைச் சுருக்கினால் இவ்வளவுதான். இயந்திரத்தின் வேகத்தில் அழகைக் கண்ட பிரக்ஞையே நவீனத்துவம். தமிழ்க் கவிஞனுக்கு அந்த அனுபவம் வாய்க்கவில்லை. ஆகவே அவன் தன் அறைக்குள்ளேயே புழுங்கினான். இப்போதாவது அந்தப் போட்டோக்களின் முன் உட்கார்ந்து, நீண்ட பானெட்டையும் கம்பிச் சக்கரத்தையும் துணி போர்த்திய இறக்கையையும் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டும். சான்றுக்கு மரினெட்டியை அழைக்கிறார்.

மரினெட்டியிலிருந்தே தொடங்கலாம். 1909 பிப்ரவரி 20இல் பாரிசின் 'ஃபிகாரோ' பத்திரிகையில் அவருடைய அறிக்கை வந்தது. பந்தயக் காரைப் பழைய சிற்பத்துக்கு மேலாக வைத்த அறிக்கை. நண்பர் அதோடு நிறுத்திக்கொள்கிறார். அதே அறிக்கை யுத்தத்தையும் வாழ்த்தியது என்பதை விட்டுவிடுகிறார். 1911 நவம்பர் 1இல் இத்தாலிய விமானி கவோட்டி லிபியாவில் தன் விமானத்திலிருந்து கையால் குண்டுகளை வீசினார். விமானத்திலிருந்து மனிதர்கள்மேல் விழுந்த முதல் குண்டுகள் என்று வரலாறு அவற்றைத்தான் சொல்கிறது. யுத்தத்தைப் பார்த்து எழுத மரினெட்டியும் அங்கே போனார். பிறகு முசோலினியோடு சேர்ந்தார். வேகத்தின் அழகு என்று நண்பர் சொல்லும் பொருளுக்கு இப்படி ஒரு ஜாதகம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பெண் பார்க்கக் கூப்பிடுவது யோக்கியமில்லை.

அதே 1909இல், செப்டம்பரில், பிரெஷியாவில் நடந்த விமானக் காட்சிக்கு பிராக் நகரிலிருந்து ஒரு காப்பீட்டு அலுவலக குமாஸ்தா விடுமுறையில் போயிருந்தார். பெயர் காஃப்கா. போய்வந்து ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை எழுதினார். அவர் கண்ணில் பட்டது வேறு: கூட்டம், காத்திருப்பு, கிளம்ப மறுக்கும் எஞ்சினோடு அல்லாடும் வேலையாட்கள். ஆங்கிலக் கால்வாயைக் கடந்து 2 மாதமே ஆகியிருந்த பிளேரியோ அங்கே இருந்தார். அவரையும்கூட வீரனாக அல்ல, காத்திருக்கும் மனிதராகத்தான் காஃப்கா பார்க்கிறார். நவீனத்துவத்துக்கு யார் சாட்சி? பந்தயக் காரைப் பாடியவரா, எஞ்சின் கிளம்பாத நேரத்தைப் பார்த்தவரா? இதில் எனக்குக் குமாஸ்தா அபிமானம் உண்டு என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

இனி போட்டோக்கள். நம் நாட்டில் எடுக்கப்பட்டு நமக்குக் கிடைக்கும் பழைய கார் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். கார் நிற்கிறது. எப்போதும் நிற்கிறது. அரண்மனை முகப்பு, போர்ட்டிகோ, பக்கத்தில் உரிமையாளர், கதவின்மேல் ஒரு கை. கீழே கார் கம்பெனியின் பெயர், வருஷம், மகாராஜாவின் பெயர். ஓரத்தில் துணியோடு நிற்கும் கிளீனர் பாதி உடம்போடு வெட்டுப்பட்டிருப்பார். எந்த வேகத்தை இதில் பயில்வது?

நான் வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறேன். வண்டிக் கடன் கொடுத்தபின் போய்ப் பார்வையிடும்போது, கடன்காரரை வண்டிக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, நம்பர் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து ஃபைலில் வைப்போம். லோடு ஆட்டோவோ டிராக்டரோ, எல்லோரும் நிற்கும் நிலை ஒன்றுதான். கை தானாகவே வண்டியின்மேல் போய் உட்காரும். மகாராஜாவின் படமும் இந்த ஃபைல் படமும் ஒரே வகை. இரண்டும் பத்திரம். இந்தப் பொருள் இன்னாருடையது என்பதற்கு அப்பால் அவை ஒன்றும் சொல்வதில்லை. நண்பர் இந்தச் சொத்துப் பத்திரங்களைக் கவிதை என்று நினைத்து மயங்குகிறார். இன்றைக்குப் பழைய கார் அணிவகுப்புகளில் எடுக்கப்படும் படங்களும் அதே பத்திரத்தின் நகல்கள்தான். வண்ணம் மட்டும் கூடியிருக்கிறது.

வேகம் உள்ளபடியே பதிந்த படம் ஒன்றைச் சொல்கிறேன். லார்த்தீக் எடுத்தது. 1912 பிரெஞ்சு கிராண்ட் பிரி என்ற பெயரில் உலகம் அறிந்த படம். பந்தயக் காரின் பின்சக்கரம் முட்டைபோல் நீண்டு முன்னால் சாய்கிறது. வேடிக்கை பார்ப்பவர்களும் கம்பங்களும் எதிர்ப்பக்கம் சாய்கிறார்கள். காரணம் எளிது. அந்தக் காமிராவின் ஷட்டர் ஒரு சன்னமான கீற்று. அது கண்ணாடித் தகட்டின்மேல் நகர்ந்து போகும். சக்கரத்தின் அடிப்பாகம் முதலில் பதிகிறது, மேல்பாகம் பிறகு. அதற்குள் கார் முன்னே போய்விட்டது. லார்த்தீக் காரோடு சேர்த்துக் காமிராவையும் திருப்பியதால் நின்றவர்கள் பின்னால் சாய்ந்தார்கள். கார் பாதிதான் சட்டத்துக்குள் இருக்கிறது. எடுத்தவரே தோற்றுப்போன படம் என்று ஒதுக்கிவைத்தது. 1963இல் நியூயார்க்கின் நவீனக் கலை மியூசியம் அவர் படங்களைக் காட்சிக்கு வைத்தபின்தான் உலகம் அவரைப் பார்த்தது. அப்போது அவருக்கு 69 வயது.

இந்தப் படம் பெரியது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அதில் கார் அழகாக இல்லை. இயந்திரத்தைப் பார்க்கப்போன இன்னொரு இயந்திரம் தடுமாறியது. அந்தத் தடுமாற்றம்தான் படம். நம் அரண்மனைக் கார்களில் இல்லாதது இதுவே.

ஆனால் லார்த்தீக் பணக்கார வீட்டுப் பிள்ளை. அவருடைய அண்ணன் குடும்பத்தின் நாட்டுப்புற மாளிகையில் கிளைடர் கட்டி விளையாடினார். 1910இல் அது தரையைவிட்டு எழும்புவதையும், கீழே இருப்பவர்கள் கூடவே குதிப்பதையும் தம்பி படம் எடுத்தார். அதே 1910இல், மார்ச்சில், சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் ஒரு விமானம் எழும்பியது. மௌண்ட் ரோடில் ஹோட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ், பிளேரியோவின் சாதனையால் உந்தப்பட்டு, சிம்சன் கம்பெனியில் கட்டவைத்த விமானம். சிம்சன் 1840 முதல் குதிரை வண்டி கட்டிவந்த கம்பெனி. அதாவது நம் மண்ணின் முதல் விமானத்தின் மரச்சட்டத்தை இழைத்துச் சேர்த்தவை வண்டி கட்டிப் பழகிய கைகள். இந்தக் கதையை எத்தனையோ பேர் திரும்பத் திரும்பச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஹோட்டல்காரர் பெயர் வரும், கம்பெனி பெயர் வரும். தச்சர் ஒருவர் பெயரும் நான் படித்த எதிலும் வந்ததில்லை.

அந்த மார்ச்சில்தான் புதுச்சேரியிலிருந்து வந்துகொண்டிருந்த பாரதியின் 'இந்தியா' நின்றுபோனது. பிரிட்டிஷ் எல்லைக்குள் அது வரக்கூடாது என்று தடை. பிரிட்டிஷ் எல்லை என்பது முத்தியால்பேட்டையைத் தாண்டினால் எங்கள் கோட்டக்குப்பம். ஒரு விமானம் பல்லாவரத்தில் எழும்பிய மாதத்தில் ஒரு பத்திரிகையால் எங்கள் ஊர் எல்லையைத் தாண்ட முடியவில்லை. தமிழ்க் கவிஞன் அறைக்குள் புழுங்கினான் என்று எழுதும் நண்பர், அறையை வெளியிலிருந்து பூட்டியது யார் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

அந்தக் காலத்துப் புதுச்சேரிக்கு அதற்கே உரிய வாகனம் ஒன்று இருந்தது. புஸ்புஸ் வண்டி. பிரெஞ்சு அஞ்சலட்டைகளில் பார்க்கலாம். வெள்ளை உடையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். வண்டியைத் திருப்பும் பிடி அவர் கையில். பின்னால் ஒரு தமிழன் தள்ளிக்கொண்டு வருவான். ஓட்டுகிறவர் முன்னால் பார்க்கிறார், எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மனிதன் ஓடுகிறான். இயந்திரம் பற்றிய நம் அனுபவம் இல்லாமலில்லை, இருக்கிறது. அது ஸ்டியரிங் பக்கத்து அனுபவமல்ல, தள்ளும் பக்கத்து அனுபவம். மரினெட்டியின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினால் கிடைக்காது.

இதுவரை எழுதியது நண்பருக்கு. இனி எழுதப்போவதில் எனக்கும் பங்கு உண்டு.

என் தாய்மாமன் லாரி கிளீனராக ஆரம்பித்து மெக்கானிக் ஆனவர். அவருடைய இளவயதுப் போட்டோ ஒன்று வீட்டில் இருக்கிறது. 1974, மாசி மகம், வைத்திக்குப்பம் தீர்த்தவாரிக்குப் போட்டிருந்த கடைகளில் ஒன்றில் எடுத்தது. பலகையில் வரைந்த ஏரோப்ளேன். ஜன்னல் வைத்த இடத்தில் ஓட்டை. மாமா முன்னால், அத்தை பின்னால், கல்யாணமாகி முதல் வருஷம். பின்திரையில் மேகம். பலகை கீழே முழுதாக எட்டாததால் நாலு கால்கள் தெரிகின்றன. மாமாவுக்குச் செருப்பில்லை. அத்தையின் பாதங்களில் கடற்கரை மணல்.

பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்த காலத்தில் இந்தப் படம் எனக்குக் கூச்சத்தைக் கொடுத்தது. ஹாஸ்டல் அறையில் லார்த்தீக் படத்தின் பிரதியை ஒட்டியிருந்தேன். போட்டோகிராஃபி பற்றி நான் எழுதிய முதல் கட்டுரையில் பொருட்காட்சிக் கடைப் படங்களைப் 'போலி அனுபவம்' என்று ஒரே வாக்கியத்தில் தள்ளினேன். அது அச்சாகியிருக்கிறது. நண்பர் அதை வைத்திருப்பார். அவருடைய இன்றைய கட்டுரை என்னுடைய அந்த வாக்கியத்தின் நீட்சிதான். அதனால்தான் பதில் சொல்லும் கடமை என்மேல் விழுகிறது.

மாமா போய் 2 வருஷமாகிறது. திதிக்காக மாட்ட அந்தப் படத்தைப் பெரிதாக்கக் கொடுத்தோம். கடைக்காரர் கம்ப்யூட்டரில் பலகையை எடுத்துவிட்டு அசல் விமானம் ஒன்றைப் பொருத்தி, மேகத்துக்கு நீலம் பூசி, கால்களை அழித்துக் கொடுத்தார். பிள்ளைகளுக்குச் சந்தோஷம். அத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"காலு எங்கடா?"

நான் சமாதானமாக ஏதோ சொன்னேன். 'அப்போது நீங்கள் நிஜ விமானம் என்றே நினைத்து ஏறியிருப்பீர்கள்' என்கிற மாதிரி.

"பலகைன்னு தெரியாமயா ஏறுனோம்? மாமா ஏறும்போதே பின்னால போயி ஆணி அடிச்சிருந்ததப் பாத்துட்டு, தச்சன் நல்லா செஞ்சிருக்கான்னு சொன்னாரு. பழைய படத்தையே மாட்டு."

இந்த வாக்கியத்துக்குமுன் நண்பர் கட்டுரையும் என் பழைய கட்டுரையும் ஒருசேர விழுகின்றன. தெரிந்தே ஏறினார்கள். ஏமாறியவர்கள் அவர்கள் அல்ல. தங்களுடையதல்லாத ஒரு இயந்திரத்தில் 1 நிமிஷம் உட்கார்ந்து, அது தங்களுடையதல்ல என்பதையும் கால்களால் அதே படத்தில் எழுதிவைத்தார்கள். பத்திரமாக மாற மறுத்த படம் அது. அதைச் செய்தவனை விசாரித்த ஒரே ரசிகர் ஒரு மெக்கானிக். பல்லாவரத்துத் தச்சர்களைப் பற்றி நான் படித்தவர்களில் ஒருவர்கூடக் கேட்காததை அவர் பலகைக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

இதையும் ஒரு புதிய மோகமாக்கிவிடக்கூடாது. பொருட்காட்சிப் பலகைகளைச் சேகரித்து, சட்டம் போட்டு, புதுச்சேரியின் வெள்ளைச் சுவர்களில் மாட்டி 'நாட்டார் நவீனத்துவம்' என்று விற்க ஆள் வருவார்கள். அவர்களும் கால்களைத்தான் முதலில் வெட்டுவார்கள். நான் கேட்பது சின்ன விஷயம். ஒரு படத்தைப் பற்றி எழுதுமுன் அதில் வெட்டுப்பட்டவர் யார், தள்ளியவர் யார், கட்டியவர் யார் என்று பார்த்துவிட்டு எழுதுவோம். அது விமர்சனத்தின் குறைந்தபட்ச நாணயம். வங்கியில்கூட, கணக்கு நேராகாமல் கவுண்டரை மூடவிடமாட்டார்கள்.

பழைய படம் மாட்டியாகிவிட்டது. லாஸ்பேட்டையில் இறங்கும் விமானம் ஊருக்குமேல் தாழப் பறக்கும்போது கண்ணாடி லேசாக அதிர்கிறது. நண்பர் ஒரு நாள் வந்து பார்க்கலாம். திண்டிவனத்தில் குடிக்கும் டீயைவிட அத்தை போடும் டீ நன்றாக இருக்கும்.