61 நாள் நின்ற போட்டுக்கே வெள்ளோட்டம்! நின்ற காலுக்கு வேண்டாமா?

ஏப்ரல் 15-ந் தேதி முதல் ஜூன் 14-ந் தேதி வரை தூத்துக்குடி விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. 61 நாள் தடைக்காலம். அந்த நாட்களில் மீன்பிடித் துறைமுகம் பக்கம் போய்ப் பாருங்கள். போட்டைக் கரையேற்றி வைத்திருப்பார்கள். பலகை மாற்றுவார்கள். இஞ்சினைப் பிரித்துப் போடுவார்கள். ஓட்டை அடைப்பார்கள், பெயிண்ட் அடிப்பார்கள். மறுபடி தண்ணீரில் இறக்கினாலும், வெள்ளோட்டம் பார்க்காமல் ஆளை ஏற்றிக்கொண்டு தொழிலுக்குக் கிளம்ப விவரம் தெரிந்தவர் யாரும் துணியமாட்டார்.

பலகைக்கும் இரும்புக்கும் இவ்வளவு கவனம். மனுஷன் காலுக்கு மட்டும் ஏன் இல்லை?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஊருக்கு ஊர் இப்போது அரை மாரத்தான் நடக்கிறது. 21 கிலோ மீட்டர், அதற்கு மேலே இன்னும் கிட்டத்தட்ட நூறு மீட்டர். இங்கிருந்து திருச்செந்தூர் போகிற வழியில் ஏறக்குறைய பாதி தூரம்! பஸ்சில் போனாலே ஒரு தூக்கம் போடலாம். அதை ஓடியே கடக்கிறார்கள். நல்ல விஷயம்தான். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் வீட்டுக்கு வீடு இருக்கிற காலத்தில் ஜனங்கள் ஓடுவதை யார் குறை சொல்வார்கள்?

குறை வேறு இடத்தில் இருக்கிறது.

காசு கட்டியாச்சு!

போன வருஷம் ஓடியவர். நடுவில் மகள் கல்யாணம், கணக்கு முடிக்கிற மார்ச் மாதம், பத்து நாள் காய்ச்சல். ரெண்டு மாதம் ஷூவைத் தொடவே இல்லை. ஆனால் போட்டிக்குப் பணம் முன்பே கட்டியாச்சு. பனியனும் நம்பரும் கைக்கு வந்தாச்சு. ஆபீசில் நாலு பேரிடம் சொல்லியும் ஆச்சு. "ஓடாம விட்டா மானம் போயிடுமே அண்ணாச்சி!" அவ்வளவுதான். நேரே போய் 21 கிலோ மீட்டருக்கு நின்றுவிடுகிறார்.

இது வீரம் இல்லை. வீட்டில் இருக்கிற ரெண்டு பிள்ளைகளை நினைக்காத அவசரம்.

உடம்பு போடுகிற கணக்கு

பழைய பலம் எங்கே போயிருக்கும் என்று நினைக்கிறீர்களா? 1984-ல் அமெரிக்காவில் ஒரு ஆராய்ச்சி வெளியானது. நன்றாகப் பயிற்சி பெற்ற ஏழு வீரர்களை 84 நாள் பயிற்சி இல்லாமல் இருக்கச் செய்து சோதித்தார்கள். மூச்சில் வரும் ஆக்சிஜனை உடம்பு பயன்படுத்தும் சக்தி முதல் மூன்று வாரத்துக்குள்ளேயே 7 சதவீதம் குறைந்தது. எட்டு வாரத்தில் 16 சதவீதம் போய்விட்டது. எட்டு வாரம் என்றால் 56 நாள். நம்ம தடைக்காலத்தை விடக் குறைவு!

வருஷக்கணக்கில் உழைத்த வீரர்களுக்கே இந்தக் கதி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடுகிற குமாஸ்தாவுக்கும் கடைக்காரருக்கும்?

இன்னொரு ஆபத்தும் உண்டு. திரும்ப ஓட ஆரம்பித்தால் மூச்சு சீக்கிரம் சரியாகிவிடும். தசைநாரும் எலும்பும் அப்படி இல்லை. அவை பழகுவதற்கு அதிக நாள் ஆகும். "மூச்சு வாங்கலியே, இன்னும் ரெண்டு கிலோ மீட்டர் போவோம்" என்று நினைக்கிற நேரத்தில்தான் கணுக்காலும் முழங்காலும் மாட்டிக்கொள்கின்றன.

வெயிலும் சும்மா விடாது. கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை காயாது, உடம்புச் சூடும் இறங்காது. வெயிலில் ஓடி உடம்பு பழகப் பத்துப் பதினான்கு நாள் வேண்டும். ஏசி அறையில் ரெண்டு மாதம் உட்கார்ந்தால் அந்தப் பழக்கமும் போய்விடும். சிலர் வெறும் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துக்கொண்டே ஓடுகிறார்கள். அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம், வலிப்பு வரை போகும். உப்பு விளைகிற ஊரில் உப்புக் குறைந்து விழுந்தால் எப்படி?

உயிர் பயம் காட்டவில்லை

பீதி கிளப்புவது நமது நோக்கம் இல்லை. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தான், அரை மாரத்தான் ஓடிய ஒரு கோடியே 9 லட்சம் பேரைக் கணக்கெடுத்தார்கள். ஓட்டத்தில் இதயம் நின்று விழுந்தவர்கள் 59 பேர். அவர்களில் 42 பேர் பிழைக்கவில்லை. லட்சத்தில் ஒருவருக்குக்கூட வரவில்லை, உண்மைதான். ஆனால் அந்த ஒருவரின் வீட்டில் போய்ச் சதவீதம் பேச முடியுமா? காய்ச்சல் விட்டும் விடாமலும் ஓடுகிறவர், நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தும் "மெடல் வரைக்கும் போயிடலாம்" என்கிறவர்... இவர்களைத்தான் தடுக்க வேண்டும்.

காத்திருந்தவர்கள் ஜெயித்தார்கள்

விட்ட ஓட்டத்தைத் தொடவே கூடாதா? தாராளமாகத் தொடலாம்! சென்னை மேயராக 2006 முதல் 2011 வரை இருந்த மா.சுப்பிரமணியனைப் பாருங்கள். சர்க்கரை நோய் உள்ளவர். 2004-ல் விபத்தில் காலில் பலத்த அடி. அவர் அரை மாரத்தான் ஓட ஆரம்பித்தது 2014-ல். நடுவில் பத்து வருஷம்! அதன் பிறகு நூறைத் தாண்டி ஓடிவிட்டார். கட்சியை விடுங்கள், அந்தப் பொறுமையைப் பாருங்கள்.

பஞ்சாபைச் சேர்ந்த பவுஜா சிங், 1947 பிரிவினைக் காலத்தோடு ஓட்டத்தை விட்டவர். மகனைப் பறிகொடுத்த துக்கத்தில், வயதான காலத்தில் திரும்ப ஓடினார். 2000-ல் லண்டன் மாரத்தானை ஓடி முடித்தபோது அவர் கணக்குப்படி வயது 89. நேரம் ஏழு மணிக்குச் சற்றுக் குறைவு. முந்திக்கொண்டு வரவில்லை, முடித்துக்கொண்டு வந்தார்!

அந்த மனிதரைச் சாய்த்தது ஓட்டம் அல்ல. 2025 ஜூலையில் சொந்த ஊர் அருகே ரோட்டில் நடந்தபோது மோதிய வாகனம். துறைமுகத்துக்கு லாரி ஓடுகிற ரோடுகள் உள்ள நம்ம ஊருக்கும் இதில் பாடம் இருக்கிறது. இருட்டு பிரியுமுன் கறுப்புச் சட்டையோடு மெயின் ரோட்டில் ஓடாதீர்கள். தருவை மைதானம் இருக்கிறது, கடற்கரை இருக்கிறது.

என்ன செய்ய வேண்டும்?

அந்தக் காலத்தில் முத்துக்குளிப்பு அறிவிக்கும் முன் பாரில் இறங்கி, மாதிரிக்குச் சிப்பி எடுத்து, சோதித்துப் பார்த்துத்தான் முடிவு சொன்னார்கள். விளையாதிருந்தால் அந்த வருஷம் குளிப்பு கிடையாது. யாரும் அதை அவமானமாக எண்ணவில்லை. ஓடுகிறவரும் அப்படியே தன்னைச் சோதிக்கட்டும். முதல் வாரம் நடையும் ஓட்டமும் கலந்து. பக்கத்தில் வருகிறவரிடம் பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம். சர்க்கரை, கொதிப்பு, நெஞ்சுக் கோளாறு உள்ளவர் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான். நெஞ்சு வலி, தலை சுற்றல் என்றால் அந்த இடத்திலேயே நில்லுங்கள், 108-க்குச் சொல்லுங்கள்.

போட்டி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பணம் வாங்குகிற பாரத்தில் "கடைசி ஒரு மாதத்தில் எவ்வளவு தூரம் ஓடினீர்கள்?" என்று ஒரு கேள்வி சேருங்கள். 21-க்குப் பணம் கட்டியவர் முதல் நாள் சாயங்காலம் வந்து "எனக்குப் பத்து போதும், அஞ்சு போதும்" என்றால் அபராதம் கேட்காமல் மாற்றிக் கொடுங்கள். பாதி உயிர் அதிலேயே பிழைக்கும். வழியில் தண்ணீரோடு உப்பு-சர்க்கரைக் கரைசலும், ஆம்புலன்சும், நின்ற இதயத்தை அதிர்ச்சி கொடுத்து ஓட வைக்கிற கருவியும் கட்டாயம் வேண்டும். இவை இல்லாத போட்டிக்கு மாநகராட்சியும் போலீசும் அனுமதி தரக்கூடாது.

கடைசியாக, ஆபீஸ் நண்பர்களுக்கு. ரெண்டு மாதம் கழித்து வந்து அஞ்சு கிலோ மீட்டர் ஓடுகிறவரைக் கேலி செய்யாதீர்கள். பாதியில் நின்றவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். உங்கள் சிரிப்புக்குப் பயந்துதான் அவர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடுகிறார்.

மெடல் அடுத்த வருஷமும் தருவார்கள் அண்ணாச்சி!